இலை எடுக்கிற மிஷின்

தலத்தெருவுக்குள் வந்து ஓகுஸ்தேன் வீடு எது என்று கேட்டால், "எந்த ஓகுஸ்தேன், கடல்ல முங்கின சொல்தாவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற எல்லோரையும் காரைக்காலில் சொல்தா என்றுதான் சொல்வது. அவர்களில் பீரங்கி சுட்டவர்கள் உண்டு, பாலைவனத்தில் மணலைத் தின்றவர்கள் உண்டு. கடலுக்கு அடியில் முங்கி வேலை பார்த்தவர் ஓகுஸ்தேன் ஒருவர்தான். அவர் முங்கவே இல்லை என்பது அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

நடந்தது இவ்வளவுதான். தூலோன் துறைமுகத்தில் கப்பற்படை ஆட்கள் சாப்பிடுகிற பெரிய கூடம் ஒன்று இருந்தது. அங்கே எச்சில் தட்டுகளை எடுத்துக் கழுவுவது அவர் வேலை. ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய ஐம்பத்து நான்காம் வருஷம் கப்பல் ஏறியவர், பென்ஷன் வாங்கிக்கொண்டு திரும்புகிறவரை, பதினாறு வருஷமும் அதே வேலைதான். அதற்குப் பிரெஞ்சில் ப்ளோன்ழேர் என்று பெயர். தண்ணீரில் முக்கி முக்கி எடுப்பதால் அந்தப் பெயர் வந்திருக்க வேண்டும். கடலில் குதித்து அடிவரைக்கும் முங்குகிறவனுக்கும் அதே ப்ளோன்ழேர்தான் பெயர். ஒரே சொல்லால் இரண்டு ஆட்களைக் கூப்பிடுவது பிரெஞ்சுக்காரன் பழக்கம், அதற்கு ஓகுஸ்தேன் என்ன செய்வார்?

ஊருக்கு வந்த புதிதில், டீக்கடையில் அவருடைய பென்ஷன் தாளை எட்டிப் பார்த்த ஒருவர், "ப்ளோன்ழேர்னா என்னங்க?" என்று கேட்டார். "முங்கறவன்" என்றார் ஓகுஸ்தேன். இதில் பொய் இல்லை. "எதுல முங்குவீங்க?" "தண்ணியில." இதிலும் பொய் இல்லை. "எம்மாம் ஆழம் இருக்கும்?" என்று அந்த ஆள் கேட்டார் பாருங்கள், அங்கேதான் வழுக்கிவிட்டது. தொட்டி முழங்கை ஆழம். ஓகுஸ்தேன் பத்து பனைமரம் என்றார்.

அன்றிலிருந்து அவருக்குத் தனி மரியாதை. டீக்கடையில் பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னார்கள். ஒரே ஒரு முறைதான் ஆபத்து வந்தது. கருக்களாச்சேரியிலிருந்து கருப்பையன் என்ற மீனவர் வந்து, கடலில் அறுந்து விழுந்த நங்கூரத்தை முங்கி எடுத்துத் தர முடியுமா என்று கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். ஓகுஸ்தேன் தம் காதைத் தொட்டுக் காட்டி, "ஜவ்வு கிழிஞ்சிருச்சு கருப்பையா, இனிமே முங்கினா உயிருக்கு உத்தரவாதம் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றார். கருப்பையன் கண்கலங்கி, இரண்டு கிலோ வஞ்சிரம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மீனைச் சாப்பிடும்போது ஓகுஸ்தேனுக்குத் தொண்டையில் முள் குத்தியது. "நல்லா வேணும்டா முங்கி" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். கண்ணாடி முன் நின்று முகம் மழிக்கும்போதெல்லாம் அவர் தம்மை அப்படித்தான் கூப்பிடுவது. ஊருக்குத்தான் அவர் மாவீரர், கண்ணாடிக்கு முங்கி.

இந்த ரகசியத்தைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் தாம் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்கமாட்டார். ஆண்பிள்ளைத் திமிர் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் பயம். ஒரு தட்டை எடுத்தால் இன்னொரு தட்டு தானாக அதன்மேல் ஏறும், மூன்றாவது முழங்கையில் போய் உட்காரும், கை காட்டிக் கொடுத்துவிடும். அதனால் அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், மனைவி அனெத் வந்து எடுத்துப் போவாள். அவளுக்கும் கல்யாணத்தின்போது முங்குகிற உத்தியோகம் என்றுதான் சொல்லியிருந்தார். தூலோனில் அவரோடு பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. நம்பிவிட்டாள் என்று அவர் நம்பினார்.

இன்னொரு பவிசும் அவரிடம் இருந்தது. தமிழ்ச் சொல் மறந்துபோன மாதிரி காட்டிக்கொள்வது. கத்தரிக்காய் கடையில் போய் நின்றுகொண்டு, "அது வந்து... ஊதா கலர்ல... தமிழ்ல என்னமோ சொல்லுவீங்களே" என்பார். கத்தரிக்காய் என்று அவர் கனவில்கூடச் சரியாகச் சொல்லக்கூடியவர். ஆனாலும் சீமைக்குப் போய் வந்ததற்கு ஏதாவது ஒரு அடையாளம் வேண்டாமா? இந்தப் பவிசுதான் கடைசியில் ஆளைக் கவிழ்த்தது.

எண்பத்து நான்காம் வருஷம் மகன் லூசியன் லீவில் வந்தான். தூலோன் நகராட்சியில் பூங்காவைப் பராமரிக்கிற வேலை அவனுக்கு. அங்கே கழித்துப்போட்ட ஒரு மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். முதுகில் மாட்டிக்கொள்கிற பெட்டி, பெட்ரோல் எஞ்சின், யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். வயலுக்கு மருந்து அடிக்கிற பவர் ஸ்பிரேயரைப் போலத்தான் இருக்கும், ஆனால் மருந்து வராது, வெறும் காற்று வரும். கீழே கிடக்கிற சருகையெல்லாம் ஊதித் தள்ளி ஒரு மூலையில் சேர்த்துவிடும். "அப்பா, இனிமே நீங்க குனிஞ்சு பெருக்க வேணாம்" என்றான் லூசியன். ஓகுஸ்தேன் அதுவரை குனிந்து பெருக்கியதில்லை, அனெத்தான் பெருக்குவாள். அதை அவள் வாய்விட்டுச் சொல்லாமல் மகனைப் பார்த்துச் சிரித்தாள்.

வீட்டு வாசலில் நின்ற வாதாமரம் சும்மா உதிர்க்காது. ஒவ்வொரு இலையும் கையகலம். மாசியில் பழுத்துச் சிவந்து ஒரே நேரத்தில் கொட்டும், பாதி இவர்கள் வாசலில், பாதி பக்கத்து வீட்டுச் சாரதாம்பாள் முற்றத்தில். சாரதாம்பாள் அதைப் பெருக்கி, கூடையில் அள்ளி, "சொல்தா அய்யா, ஒங்க வீட்டுப் பொருளு வழிதவறி வந்துருச்சு" என்று சொல்லிச் சுவருக்கு இந்தப்பக்கம் கொட்டுவார். அதில் பகை ஒன்றும் கிடையாது. வருஷா வருஷம் நடக்கிற கொடுக்கல் வாங்கல், அவ்வளவுதான்.

மகன் விமானம் ஏறிய மறுநாள் மத்தியானம், உண்ட மயக்கத்தில் தெருவே கண்ணயர்ந்திருந்த நேரம், ஓகுஸ்தேன் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு கயிற்றை இழுத்தார். எஞ்சின் போட்ட சத்தத்தில் நாய்கள் குரைக்கவில்லை, ஓடிவிட்டன. நான்கு வீடு தள்ளித் தொட்டிலில் கிடந்த குழந்தை வீரிட்டது. ஓகுஸ்தேனுக்கு எதுவும் கேட்கவில்லை. சருகு அவர் சொன்னபடி கேட்டுப் பறந்தது, அந்தச் சந்தோஷத்தில் குழாயைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துவிட்டார். வாசல் சருகு, தெருப் புழுதி, கோழி இறகு எல்லாம் சேர்ந்து சுவரைத் தாண்டியது. அந்தப்பக்கம் சாரதாம்பாள் எட்டு முழ வேட்டியை விரித்து, வருஷத்துக்கான கூழ்வடாம் பிழிந்து காய வைத்திருந்தார்.

எஞ்சினை நிறுத்தியபோது சாரதாம்பாள் சுவருக்கு மேலே தெரிந்தார். தலையில் கோழி இறகு ஒன்று நின்றது. "அய்யா, கடலுக்கு அடியிலதான் இருந்துருக்கணும் நீங்க. ஏன் வெளியில வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, நேராக முனிசிபல் ஆபீஸுக்கு நடந்தார்.

மூன்றாம் நாள் ஓகுஸ்தேனை ஆபீஸுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. பழைய ஆட்கள் இன்னும் மேரி என்று பிரெஞ்சில் சொல்கிற அதே ஆபீஸ்தான். அங்கே தலைமை குமாஸ்தா நூர் அகமது கனத்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். நிதானமான மனிதர், யாரையும் உட்காரவைக்காமல் பேசமாட்டார்.

"உக்காருங்க முசியே. ஒங்களால பெரிய ரோதனையாப் போச்சு. ஒலிபெருக்கிக்கு விதி இருக்கு, நெல்லு மிஷினுக்கு விதி இருக்கு, மாட்டு வண்டிக்கு இருக்கு. ஒங்க மிஷினுக்கு இல்ல. கமிஷனர் புதுசா ஒண்ணு எழுதச் சொல்லிட்டாரு. பொட்டி மேல பிரெஞ்சுல என்னமோ போட்டிருக்காமே, அதுக்குத் தமிழ் என்ன?"

தமக்கென்று ஒரு தனி விதி எழுதப்படுகிறது என்றதும் ஓகுஸ்தேனுக்கு மார்பு விரிந்தது. காலை அகட்டி உட்கார்ந்தார். சருகு என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதைச் சொல்லியிருந்தால் கதையே இல்லை. பழக்கதோஷம் விடவில்லை. விரலைச் சொடுக்கினார், மேலே பார்த்தார். "அது வந்து... தமிழ்ல எப்புடிச் சொல்லுவீங்க... எலை. எலையை எடுக்கறது."

"எலை எடுக்கற மிஷின்" என்று சொல்லிக்கொண்டே நூர் அகமது எழுதினார். "சுருக்கமா, எல்லாருக்கும் புரியறாப்புல இருக்கு. மெர்சி முசியே."

அடுத்த வாரம் மைக் கட்டிய ரிக்‌ஷா ஒன்று தெருத் தெருவாக வந்தது. சத்தத்தைக் கட்டுப்படுத்துகிற உத்தரவை அது மிஷினைவிட அதிக சத்தத்தில் அறிவித்தது. "நகராட்சி எல்லைக்குள் பெட்ரோலில் ஓடும் இலை எடுக்கும் இயந்திரம் வைத்திருப்போர் அனைவருக்கும் அறிவிப்பது. காலை எட்டு மணிக்கு முன்பும், பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரையிலும் மேற்படி இயந்திரத்தை இயக்கக் கூடாது. வடாம், வற்றல், கருவாடு காயும் இடத்துக்கு அருகில் இயக்கவே கூடாது. மீறினால் இயந்திரம் பறிமுதல் செய்யப்படும்." வைத்திருப்போர் அனைவரும் அப்போது வாசலில் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். ஊரில் வேறு ஆள் யாரிடமும் அது கிடையாது.

முதல் முறை கேட்டபோது பெருமையாக இருந்தது. ரிக்‌ஷா திரும்பி வந்து இரண்டாம் முறை சொன்னபோதுதான் அவர் காதில் அந்தச் சொல் சரியாக விழுந்தது. இலை எடுக்கிற. தமிழ் பேசுகிற ஊரில் இலை எடுப்பது என்றால் ஒன்றே ஒன்றுதான். பந்தி முடிந்ததும், சாப்பிட்டவர்கள் எழுந்துபோன இடத்தில் குனிந்து, எச்சில் இலையைச் சுருட்டிக் கூடையில் போடுவது. ஓகுஸ்தேன் ஈஸிசேரிலிருந்து எழுந்துவிட்டார். பதினாறு வருஷம் அவர் செய்த வேலையை, மைக் கட்டி, அவர் தெருவிலேயே சொல்லிக்கொண்டு போகிறான்.

யாருக்கோ தெரிந்துவிட்டது என்றே முடிவு கட்டினார். டீக்கடைக்குப் போனால் மீன் விற்க வந்த கருப்பையன், "அப்ப எலை எடுக்கற வேலையெல்லாம் இனிமே ஒங்க வீட்டுலதானாய்யா?" என்று வெள்ளந்தியாகக் கேட்டார். ஓகுஸ்தேன் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். பென்ஷன் வாங்கப் போன இடத்தில், "கையால எடுத்த காலம் போயி மெஷின் வந்துருச்சு" என்று யாரோ யாரிடமோ சொன்னது தம்மைத்தான் என்று நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு வேறு என்ன இருந்தது? நிலம் நீச்சு இல்லை, படிப்பு இல்லை, பேர் சொல்ல ஒரு கடை இல்லை. முங்கினவர் என்கிற ஒரே ஒரு பேரைப் போட்டுக்கொண்டுதான் அவர் தெருவில் நடமாடினார். அது போய்விட்டால் உள்ளே ஒன்றும் கிடையாது, அது அவருக்கே தெரியும்.

மறுபடியும் நூர் அகமதிடம் போய் நின்றார்.

"ஒரு வார்த்தைய மாத்தணும். எலைங்கறத எடுத்துட்டு சருகுன்னு போடணும். எடுக்கறது இல்ல, ஊதறது."

நூர் அகமது மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சருகுங்கற வார்த்தை இப்ப ஞாபகம் வந்துருச்சா முசியே?"

"வந்துருச்சு."

"எலைக்கும் சருகுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? காஞ்சா சருகு."

"அதான் வித்தியாசம். நல்லா காஞ்சிருக்கணும். யாரும் அதுல சாப்புட்ருக்கக் கூடாது."

"சரி, மனு எழுதிக் குடுங்க. காரணம்னு ஒரு எடம் இருக்கும், அதுல காரணத்தை எழுதுங்க. கமிஷனர் கேப்பாரு."

ஓகுஸ்தேன் பேனாவை வாங்கிக்கொண்டு காரணம் என்ற இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், தமிழ் மொழி சுத்தமாக இருக்க வேண்டும் என்ற ஆசையால் என்று எழுதினார். நூர் அகமது அதைப் படித்துவிட்டு முத்திரை குத்தினார். கத்தரிக்காய்க்குப் பேர் மறந்தவருக்கு வந்த மொழிப்பற்றை நினைத்து ஓகுஸ்தேனுக்கே வீடு வரும்வரை சிரிப்பும் எரிச்சலுமாக வந்தது.

மனு நகர்வதற்குள் விழிதியூரிலிருந்து கோவிந்தராசு வந்துவிட்டார். சாரதாம்பாளுக்குத் தம்பி, விவசாயி. தாம்பூலத் தட்டோடு வந்து தம் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையை நீட்டினார். அக்காவும் கூடவே நின்றார்.

"அய்யா, குடும்பத்தோட வரணும். வரும்போது மிஷினையும் கொண்டாரணும். எலை எடுக்கறதுக்கு அதைத்தான் நம்பியிருக்கேன்."

ஓகுஸ்தேன் உஷாராகக் கேட்டார். "எந்த எலைங்க?"

"எல்லா எலையும்தாங்க. நம்ம வூட்டைச் சுத்தி மாந்தோப்பு. பந்தலும் தோப்புக்குள்ளதான்."

மாந்தோப்பு என்ற சொல் அவர் வயிற்றில் பால் வார்த்தது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அத்தனை ஜனம் பார்க்க மாஞ்சருகை ஊதித் தள்ளிக் காட்டினால், மிஷின் எதற்கு என்று ஊருக்கே விளங்கிவிடும், எச்சில் இலைப் பேச்சு அடங்கிவிடும். விழிதியூர் நகராட்சி எல்லைக்கு வெளியே இருப்பதால் எட்டு மணிக் கணக்கும் பன்னிரண்டு மணிக் கணக்கும் அங்கே செல்லாது. சட்டத்தையும் யோசித்துப் பார்த்துத்தான் அவர் சம்மதித்தார். அறிவாளி என்று தம்மை அப்போது மெச்சிக்கொண்டார்.

"வடாத்துப் பக்கம் மட்டும் போவாதீங்க" என்றார் சாரதாம்பாள்.

கல்யாணத்தன்று ஓகுஸ்தேன் விடியற்காலையிலேயே மிஷினோடு டாக்ஸியில் போய் இறங்கினார். கால்சட்டை, வெள்ளைச் சட்டை, பூட்ஸ். அனெத் நல்ல பட்டுப்புடவை கட்டியிருந்தாள். முகூர்த்தத்துக்கு முன்னால் அவர் தோப்பில் இறங்கி ஊதிய அழகை விழிதியூரே கூடி நின்று பார்த்தது. சருகு குவியல் குவியலாக வேலியோரம் போய்ச் சேர்ந்தது. பெரியவர்கள் அருகில் வந்து குழாயைத் தொட்டுப் பார்த்தார்கள். "இது சருகுக்கான மிஷின், சருகு, சருகு" என்று அவர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். எஞ்சின் சத்தத்தில் ஒருவர் காதிலும் அது விழவில்லை.

தாலி கட்டி முடிந்து முதல் பந்தி சாப்பிட்டு எழுந்தது. பாய் விரித்த பந்தலில் இரண்டு வரிசையாக எச்சில் இலைகள் மடிந்து கிடந்தன. அடுத்த பந்திக்கு மாப்பிள்ளை வீட்டார் கை அலம்பிக்கொண்டு நின்றார்கள், முன்னால் மாப்பிள்ளையின் தகப்பனார் தங்கப்பன், மடிப்புக் கலையாத பட்டு வேட்டியில். கோவிந்தராசு ஓகுஸ்தேனைத் தேடி வந்தார்.

"வாங்கய்யா, பந்தி முடிஞ்சிருச்சு. எடுத்துருங்க."

ஓகுஸ்தேன் குழாயை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "இது அதுக்கு இல்லீங்க. எலை எடுக்கற ஆளுங்க எங்க?"

"ஆளு ஏதுங்க? மிஷினு வருதுன்னு நான் ஆளே சொல்லலியே. கெவுருமெண்டுலயே மைக்கு வச்சுச் சொன்னாங்களே, எலை எடுக்கற மிஷின்னு." கோவிந்தராசு குரலைத் தாழ்த்தினார். "சம்பந்தி நிக்கறாருங்க. கௌரவத்தைக் காப்பாத்துங்க."

இவர்களுக்கு இதை விளக்கி முடியாது. முடியாது என்று சொன்னால் மிஷினும் பொய், மிஷின்காரனும் பொய் என்றாகிவிடும். சுற்றி நின்ற கூட்டம் வழிவிட்டது, ஒரு கிழவர் "முங்கின அய்யாவுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்" என்றார். அந்த ஒரு வார்த்தை போதாதா? கர்வம் பிடித்த கை கயிற்றை இழுத்துவிட்டது.

மாஞ்சருகுக்கும் ரசத்தில் ஊறிய வாழையிலைக்கும் எடையில் வித்தியாசம் உண்டு. முதலில் இலைகள் நகரவில்லை. ஓகுஸ்தேன் வேகத்தைக் கூட்டினார். அப்போது அப்பளத் தூள் எழும்பியது, பின்னால் பருக்கை, பின்னால் ரசம், அதற்கும் பின்னால் நாலைந்து இலைகள் ஒன்றாக எழுந்து பாயசத்தோடு பறந்தன. அதில் ஒன்று நேராகப் போய்த் தங்கப்பனின் மார்பில் அப்பிக்கொண்டது. ஓகுஸ்தேன் எஞ்சினை அணைக்கப் போய்ப் பதற்றத்தில் குழாயை ரச வாளிக்குள் இறக்கிவிட்டார். எஞ்சின் இருமி, குமுறி, தானாக நின்றது.

தங்கப்பன் மார்பிலிருந்த இலையை இரண்டு விரலால் எடுத்துக் கீழே போட்டார். "ஆருய்யா இந்த ஆளு? சாப்பாடு போடக் கூப்பிட்டீங்களா, அவமானப்படுத்தக் கூப்பிட்டீங்களா?" என்றார். அவருடைய ஆட்கள் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். வெளியே நடக்கத் தொடங்கிய தங்கப்பனின் பின்னாலேயே கோவிந்தராசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தார். மணமேடையில் அந்தப் பெண் மாலையைப் பிடித்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓகுஸ்தேன் அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு பந்தியைப் பார்த்தார். ஒரு பந்தி மொத்தமும் எச்சில், எடுக்க ஒரு ஆள் இல்லை, நிற்கிறவர்களோ பசியோடு நிற்கிறார்கள். அப்படி ஒரு காட்சியை அவர் பதினாறு வருஷம் தினம் மூன்று வேளை பார்த்தவர். மூளை என்னென்னவோ கணக்குப் போட்டது, தெருவில் இனிமேல் எப்படி நடப்பது என்றுகூட நினைத்தது. கை மூளைக்காகக் காத்திருக்கவில்லை. முதுகிலிருந்து பெட்டியைக் கழற்றி வைத்தார், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார், குனிந்தார்.

"அய்யய்யோ, நீங்க தொடக்கூடாதுங்க" என்று கோவிந்தராசு ஓடிவந்தார்.

"தள்ளுங்க" என்றார் ஓகுஸ்தேன். அந்தக் குரலைக் காரைக்காலில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

வலது கையால் இலையின் நுனியைத் தூக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் சுருட்டி, இடது முழங்கையில் அடுக்கிக்கொண்டே போனார். ஒரு இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவே கை நிற்கவில்லை. வரிசையின் கோடிக்குப் போய்க் கூடையில் கவிழ்த்துவிட்டு, திரும்பி வரும்போதே ஈரத்துணியால் பாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். செருப்பு மாட்டிய ஆட்கள் நின்று பார்த்தார்கள். தங்கப்பனும் நின்றார். கோபம் இன்னும் போகாத குரலில், "கப்பல்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களாக்கும்?" என்று கேட்டார்.

ஓகுஸ்தேன் நிமிர்ந்தார். கையில் பதினைந்து பேரின் எச்சில் இருந்தது. பொய் சொல்ல இடம் இல்லை.

"ஆமாங்க. பதினாறு வருஷமும் எனக்கு இதுதான் வேலை. எச்சிலை எடுக்கறது."

தங்கப்பன் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் பந்தலே சிரித்தது. "பத்து பனைமரம் ஆழம் முங்கின மனுசன் பேசற பேச்சப் பாருங்க" என்றார் அந்தக் கிழவர். "என்ன தாழ்மை, என்ன தாழ்மை" என்றார்கள் பெண்கள். தங்கப்பன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து, ஓகுஸ்தேன் துடைத்த இடத்தில் முதல் ஆளாக உட்கார்ந்தார். "இப்பேர்ப்பட்டவரே எச்சில எடுக்கறப்ப எனக்கென்ன கௌரவம் கெட்டுப்போச்சு? எலையப் போடுங்கப்பா."

வாழ்க்கையில் முதல் முறையாக உண்மையைச் சொன்னார், ஒருத்தர்கூட நம்பவில்லை. ஓகுஸ்தேனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கக்கேடு, சந்தோஷமாகவும் இருந்தது. அடுத்த இரண்டு பந்திகளுக்கும் அவரே இலை எடுத்தார். அவ்வளவு பேரும் சிரித்தபோது அனெத் மட்டும் சிரிக்காமல் பெண்கள் பக்கம் நின்று தம்மைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்தார்.

அதன்பின் அவருடைய பேர் குறையவில்லை, இரண்டு மடங்கு ஆனது. எச்சில் எடுத்த பெரிய மனுஷன் என்று சொல்லித் தெருவில் எழுந்து நின்றார்கள். சாரதாம்பாள் புதிதாகப் பிழிந்த வடாம் ஒரு டின் நிறையக் கொடுத்து அனுப்பினார், கூடவே, "எங்க கொழந்தை கல்யாணத்தைக் காப்பாத்துனீங்க, கெடுத்ததும் நீங்கதான்" என்று சொல்லி அனுப்பினார். நூர் அகமதிடமிருந்து திருத்திய அறிவிப்பு வந்தது. இலை எடுக்கும் இயந்திரம் என்பதைச் சருகு ஊதும் இயந்திரம் என்று படிக்கவும் என்று போட்டிருந்தது. ரசம் குடித்த எஞ்சின் அதற்குள் உயிரை விட்டுவிட்டது. ஊரில் அந்த விதி இருந்தது, விதிக்கு மிஷின்தான் இல்லை.

திருத்தம் வந்த அன்று மத்தியானம் அனெத்தும் அவரும் சாப்பிட்டு முடித்தார்கள். அனெத் தட்டை எடுக்க எழுந்தாள். அவர் அவளைக் கையமர்த்திவிட்டு, இரண்டு தட்டையும் குழம்புக் கிண்ணத்தையும் ஒரே கையில் அடுக்கிக்கொண்டு எழுந்தார். அனெத் அந்த அடுக்கைப் பார்த்தாள்.

"ஒனக்கு எப்பேர்ந்து தெரியும்?" என்று கேட்டார் ஓகுஸ்தேன், திரும்பாமலே.

"கல்யாணமாகித் தூலோனுக்கு வந்த மொத வாரமே தெரியும். சட்டையத் தொவச்சது யாரு? கடல்ல முங்கறவன் சட்டையில உப்புல்ல இருக்கும். ஒங்க சட்டையில கொழுப்பும் சோப்பும்தான் இருந்துச்சு."

"இத்தினி வருஷம் ஏன் கேக்கல?"

அனெத் மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "முங்கின கதைய ஒவ்வொருத்தர்ட்டயும் சொல்றப்ப ஒங்க மூஞ்சி அம்புட்டு நல்லா இருக்கும். கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

ஓகுஸ்தேன் அடுக்கைத் தொட்டி ஓரத்தில் இறக்கி வைத்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அடேய் முங்கி, ஊரையே ஏமாற்றியவன் நீ, உன்னை இருபத்தாறு வருஷமாக ஒருத்தி ஏமாற்றியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"கிண்ணத்து அடியில கறை இருக்கு, நல்லாத் தேயுங்க" என்றாள் அனெத். "அப்புறம் வாசல்ல எலை கொட்டிக் கெடக்கு."

"சருகு" என்று திருத்திவிட்டு, ஓகுஸ்தேன் தட்டைத் தொட்டித் தண்ணீரில் முக்கினார்.